கண்ணை மூடிக்கொண்டு போடலாம்

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையிலேயே என் வலைப்பதிவில் ‘கருவிப்பெட்டி’யை ஏற்றிவிட்டேன். இந்த வாரமும் வழக்கம்போல ஐந்து கருவிகள். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவதற்கு முன்பே அஞ்சல் அனுப்பி எச்சரிக்கும் தளம் ஒன்று. நாம் கட்டிய பக்கம் பழைய போனில், இழுத்துக்கொண்டு வரும் இணைப்பில் எப்படித் திறக்கும் என்று காட்டும் தளம் இன்னொன்று. கண் மங்கியவர்களுக்கு நம் எழுத்தின் நிறம் தெரியுமா என்று சோதித்துச் சொல்வது மூன்றாவது. மற்ற இரண்டும் சர்வர் பார்ப்பவர்களுக்கு. இணையதளம் கட்டுபவர்களுக்கும் சர்வர் பராமரிப்பவர்களுக்கும் தமிழில் படிக்க வேறு இடம் இல்லை என்று வாராவாரம் யாராவது எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு முறை படிக்கிறேன்.

“ஞாயித்துக்கெழமைன்னா மொதல்ல அஞ்சு லிங்க்கு, அப்பறந்தான் கறிக்கடை” என்றாள் கோகிலா. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு பின்னூட்டம். போன அக்டோபரில் நான் அறிமுகம் செய்த படிவக் கருவியில் ஏதோ கோளாறு என்று வெளியில் பேசிக்கொள்கிறார்களாம், பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார். பார்க்க வேண்டும்.

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் நனைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு வந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆவாரம்பாளையத்தில் எங்கள் அலுவலகம் பராமரிப்பதெல்லாம் பம்பு கம்பெனிகளின் இணையதளங்கள்தான். காலையில் ஒன்று படுத்துவிட்டது. அதை எழுப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டின்போது அந்தக் கருவியைப் பற்றி வந்திருக்கும் செய்திகளைப் படித்தேன்.

கோளாறு இல்லை, திருட்டு. ஒரே ஒரு வரியை நம் பக்கத்தில் ஒட்டினால் போதும், பக்கத்துக்கு வருகிறவர்கள் நிரப்பும் படிவம் நம் அஞ்சலுக்கு வந்துவிடும்; அதுதான் அந்தக் கருவி. செய்தவர் அதை வேறு யாருக்கோ விற்றிருக்கிறார். வாங்கியவர்கள் டிசம்பரிலிருந்து, நிரப்பப்படும் ஒவ்வொரு படிவத்தையும் தங்களுக்கும் ஒரு பிரதி எடுத்து வந்திருக்கிறார்கள். பெயர், முகவரி, போன் எண், எல்லாம்.

நல்லவேளை, நாங்கள் பார்க்கும் எந்தத் தளத்திலும் அது இல்லை.

அக்டோபர் பதிவை எடுத்துப் படித்தேன். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறேன்: “இது என் தளங்களில் ஆறு மாதமாக ஓடுகிறது. ஒரு தொந்தரவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.”

அப்போது கொஞ்சம் போட்டுப் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

அலுவலகம் கிளம்பும் முன் அக்டோபர் பதிவைத் திருத்தினேன். பழைய பதிவுகளை அவ்வப்போது திருத்துவது வழக்கம்தான். எழுத்துப்பிழை, திறக்காத லிங்க், இப்படி. இதில் கடைசி மூன்று வாக்கியங்களை எடுத்துவிட்டேன். கருவியே கெட்டுப்போன பிறகு அந்த வாக்கியங்களுக்கு அங்கே வேலை இல்லை. கூடவே முகப்பில் ஓர் எச்சரிக்கையும் போட்டேன்: யார் தளத்திலாவது இந்தக் கருவி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

மதியத்துக்குள் நன்றிகள் குவிந்துவிட்டன. சேலத்திலிருந்து மாதேஷ் போன் செய்தான். இணையதளம் கட்டுபவர்களுக்காக ‘வலைக்கூடம்’ என்று ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறான். நேரில் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் என் மேல் கொள்ளைப் பிரியம்.

“உங்களாட்டம் தானா முன்வந்து சொல்றவங்க யாருங்ணா இருக்காங்க? அவனவன் கமுக்கமா இருந்துக்கறான்” என்றான்.

எல்லாரும் செய்வதுதானே என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐந்து கருவிகளை ஏற்றினேன். ஒப்புதலுக்காக ஒரு பின்னூட்டம் காத்திருந்தது. அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

“வணக்கம் சார். நான் ஜெசிந்தா, திண்டுக்கல். தனியாக இணையதளங்கள் செய்து கொடுக்கிறேன். நீங்கள் ஆறு மாதமாகப் பயன்படுத்துவதாக எழுதியிருந்ததால்தான் இந்தக் கருவியை ஒரு ரத்ததானத் தளத்தில் போட்டேன். இப்போது எடுத்துவிட்டேன். உங்கள் தளங்களில் நீங்கள் என்ன செய்தீர்கள் சார்? ஏற்கெனவே வெளியே போன விவரங்கள் எவை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.”

பதில் எழுத உட்கார்ந்தேன். ‘முதலில்’ என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை.

கோகிலா சின்ன வெங்காயம் உரித்துத் தரச் சொன்னாள். உரித்தேன். “போதுங்க, கல்யாண வீட்டுக்கா உரிக்கறீங்க?” என்று அவள் வந்து முறத்தை வாங்கும்வரை உரித்துக்கொண்டிருந்தேன்.

பின்னூட்டத்தை இன்னும் வெளியிடவில்லை. பதிலோடு சேர்த்து வெளியிடலாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதில் எழுதவில்லை. வேலை அதிகம்.

பிப்ரவரி 14, வெள்ளி

அந்தப் பெண் ‘வலைக்கூடம்’ குழுவில் எழுதிவிட்டார். நான் பதில் சொல்லாததால் அங்கே கேட்டிருக்கிறார். ரத்தம் கொடுப்பதற்காகத் தளத்தில் பெயர் பதிந்திருந்த பெண்களுக்குக் கண்ட நேரத்தில் அசிங்கமான அழைப்புகள் வருகின்றனவாம். ஆண்களுக்கும் ஏதோ கடன் தருவதாக வருகிறது, அது பெரிதில்லை. பெண்களுக்கு வருவதைக் காதால் கேட்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். ‘கருவிப்பெட்டி’யில் குரு சார் தானே ஆறு மாதம் பயன்படுத்தியதாகச் சொன்னதை நம்பித்தான் போட்டேன், அவர் எப்படிச் சரிசெய்தார் என்று யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டிருந்தார்.

குற்றம் சாட்டுகிற மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை. வழி கேட்கிறார், அவ்வளவுதான்.

மாதேஷ் உடனே அக்டோபர் பதிவைத் திறந்து, படம் பிடித்துப் போட்டான். “எங்கம்மா இருக்குது அந்த வரி? காட்டு பாப்போம்.”

“நான் படிச்சேன் அண்ணா. கண்ணை மூடிக்கொண்டு போடலாம்னு இருந்துச்சு. நல்லா நினைவிருக்கு.”

“இல்லாதத இருக்குதுன்னு சொல்லி உன் தப்ப அவரு தலையில கட்டப் பாக்கறியா?”

அதன்பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். படிக்காமலே ஒட்டுகிற கூட்டம் என்றார் ஒருவர். இந்த மாதிரி ஆட்களால்தான் தொழிலுக்கே கெட்ட பெயர் என்றார் இன்னொருவர். சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அந்தப் பெண் மறுபடியும், “இருந்துச்சு அண்ணா” என்று மட்டும் எழுதினார்.

“குருண்ணா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, முடிஞ்சுது” என்று மாதேஷ் என்னை இழுத்தான்.

நான் எழுதியது: “பழைய பதிவு, எனக்கும் சரியாக நினைவில்லை. அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். பதற்றத்தில் இருப்பார். இத்தோடு விட்டுவிடுவோம்.”

பெருந்தன்மை என்றார்கள். கும்பிடுகிற கைகள் ஏராளம்.

போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். எதற்காக அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேர்த்துவைக்கும் தளங்கள் இருக்கின்றன. இரண்டு மூன்றில் என் அக்டோபர் பதிவைத் தேடினேன். எதிலும் இல்லை. பெரிய மூச்சு ஒன்று வந்தது.

அந்த மூச்சை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவருடைய பின்னூட்டம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. இதை எழுதிவைக்கத் தோன்றுகிறது: அழிக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கோவையில் இணையத் தொழில் செய்பவர்கள் அடுத்த மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். ‘கருவிப்பெட்டி’க்காக எனக்குச் சால்வை போடுகிறார்களாம். ‘இணையத்தில் கிடைக்கும் கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது’ என்று பேசவும் வேண்டுமாம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். பேசி முடித்தபோது ஒத்துக்கொண்டிருந்தேன்.

கோகிலா பேங்க்கிலிருந்து வரும்போதே வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கி வந்துவிட்டாள். “சால்வை போட்டா வெள்ளதாங்க எடுப்பா இருக்கும்” என்று என் தோளில் வைத்துப் பார்த்தாள். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

ஜெசிந்தா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

இந்த வாரம் ஐந்து கருவிகளையும் நானே போட்டுச் சோதித்துப் பார்த்த பிறகுதான் எழுதுவது என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது. இரண்டுதான் தேறின. ஒன்று பாதி வழியில் நின்றது. ஒன்று எங்கோ அனுமதி இல்லாமல் எதையோ அனுப்பியது. இன்னொன்று என்ன செய்கிறது என்றே எனக்குப் புரியவில்லை.

இரண்டை மட்டும் ஏற்றினேன். “ஏன் அண்ணா இந்த வாரம் இரண்டுதான்? உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்திருக்கிறார்கள்.

இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் எத்தனையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். பாதியில் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

கூட்டம் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். சட்டையைக்கூட மாற்றவில்லை.

பேசினேன். கை தட்டினார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, “நீங்க சொல்ற எல்லா டூலையும் நீங்களே யூஸ் பண்ணிப் பாத்துருவீங்களா சார்?” என்று கேட்டாள். கோகிலா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் “ஆமாம்மா” என்றேன். கோகிலா தலையைக் குனிந்து கைப்பையில் எதையோ தேடினாள்.

சாப்பாட்டில் மாதேஷ் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல்முறையாக நிதானமாகப் பேசக் கிடைத்த சந்தோஷம் அவனுக்கு.

“அந்த ரத்ததானப் பொண்ணு இருக்குதல்லங்ணா, திண்டுக்கல்லு. அதுக்கு நல்லா வச்சாங்களாம். எங்க ஃபிரண்டு ஒருத்தன் அந்த ஊருதான், அவன் சொன்னான். டிரஸ்ட்டு பெரியவரு கூப்புட்டு விசாரிச்சிருக்காரு. ‘ஐயா, பெரிய ஆளு ஒருத்தரு எழுதுனத நம்பித்தான் போட்டேன்’னு சொல்லிருக்குது. ‘எங்க, காட்டு’ன்னு அவரு கேக்க, போனைத் தொறந்திருக்குது. அங்க ஒண்ணையும் காணோம்! மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாக்குதாம். அம்புட்டுப் பேரும் சுத்தி நின்னுட்டிருக்காங்க. ‘எங்கம்மா இருக்குது’ன்னாராம் அவரு. பொய் சொன்னா அப்படித்தானுங்ணா. வேலையப் புடுங்கிட்டாங்களாம்.”

இலையில் பாயசம் ஊற்ற வந்தார்கள். வேண்டாம் என்று கையை நீட்டி மறைத்தேன். அது கையில் கொட்டிவிட்டது. சுடவில்லை என்று சொன்னேன். சுட்டது.

மார்ச் 10, திங்கள்

கோகிலாவிடம் சொன்னேன். காலையில், அவள் டிபன் டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தபோது. உட்கார வைத்துச் சொல்லத் தைரியம் இல்லை.

அவள் மூடியைக் கண்டுபிடித்து மூடினாள். பிறகுதான் பேசினாள்.

“அந்த ஆறு மாசம்ங்கறது எனக்குத் தெரியும்ங்க. காங்கேயம் கல்யாணத்துக்கு நேரமாச்சுன்னு நாந்தான பின்னாடி நின்னு அவசரப்படுத்தீட்டிருந்தேன். நாலு எழுதியாச்சு, ஒண்ணு கொறையுதுன்னு அதைத் தேடிப் போட்டீங்க. ‘எப்பங்க ஆறு மாசம் ஓட்டுனீங்க’ன்னு கேட்டதுக்கு, ‘எல்லாரும் இப்புடித்தான் எழுதறாங்க’ன்னு சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்.”

ஆம். அப்படித்தான் நடந்தது. நான் அந்தக் கருவியை ஒருநாளும் போட்டதில்லை. வெளிநாட்டுக்காரர் யாரோ நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்ததைப் பார்த்து எழுதினேன். பிப்ரவரி மூன்றாம் தேதி இந்த நோட்டில் ‘நினைவில்லை’ என்று எழுதியது பொய். யாரும் படிக்காத நோட்டில் எதற்காகப் பொய் எழுதினேன்?

“ஆனா அழிச்சது எனக்குத் தெரியாதுங்க” என்றாள் கோகிலா. “ஒரு பொண்ணு அத்தன பேருக்கு நடுவுல போனத் தள்ளித் தள்ளித் தேடியிருக்குது. நீங்க பாட்டுக்கு சால்வை போட்டுட்டு வந்திருக்கீங்க. நான் போட்டோ எடுத்து எங்க ஆபீஸ்ல எல்லாத்துக்கும் அனுப்பிச்சிருக்கறேன்.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். டப்பாவை எடுத்துப் போகவில்லை.

மார்ச் 15, சனி

சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ‘கருவி விற்கப்பட்டது டிசம்பரில், நான் உண்மையிலேயே சோதித்திருந்தாலும் அக்டோபரில் எதுவும் தெரிந்திருக்காது.’ இது நியாயமான வாதம்தான். திண்டுக்கல் வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விசாரித்துக்கொண்டு போனேன். ஜெசிந்தா இப்போது நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம், தேர்வு விண்ணப்பம் என்று இணையத்தில் பதிந்து கொடுக்கும் வேலை. என் பெயரைச் சொன்னேன். முகம் மாறவில்லை. “உக்காருங்க சார், இவங்களுக்கு முடிச்சிட்டு வாரேன்” என்று முன்னால் நின்ற அம்மாளின் பதியாத கைரேகையைத் திரும்பத் திரும்பப் பதிய வைத்துக்கொண்டிருந்தார். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். என் முறை வந்தது.

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த வரி இருந்தது, அது பொய், அதை எடுத்ததும் நான்தான், குழுவில் எனக்கு எல்லாம் நினைவிருந்தது. கடைசியில் அந்த டிசம்பர் வாதத்தையும் சொன்னேன்.

அவர் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார்.

“டூல் வெல போனதுக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க? அது யாருக்கும் தெரியாது. நானும் ஒங்கள மட்டும் நம்பிப் போட்டது தப்புதேன். நாம்பாட்டுக்குச் சோதிச்சிருக்கணும். அத நான் பெரியவர்ட்டயே ஒத்துக்கிட்டேன். ஆனா அந்த வரி இருந்துச்சுன்னு நான் சொன்னேன்ல, அதுக்கப்பறம் நான் சொன்ன எதையும் யாரும் நம்பல. நானேதேன் யாருக்கோ நம்பர வித்துட்டேன்னு பேசுறாங்க, தெரியுமா ஒங்களுக்கு?”

தெரியாது என்றேன்.

“எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார். நாமதேன் கனாக்கினா கண்டமோன்னு. எங்கம்மா, ‘எதுக்கும் டாக்டர்ட்ட காட்டுவமா’ன்னு கேட்டாங்க.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்தச் சொல்லை எடுத்ததும் குரல் உடைந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததுகூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஜெசிந்தாவுக்கு இருந்திருக்காது. “இத எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தேன் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றார்.

பிறகு செல்வராணி என்பவரைப் பற்றிச் சொன்னார். ரத்தம் கொடுத்தால் உடம்புக்கு ஆகாது என்று பயந்துகொண்டிருந்தவரை, வீட்டுக்கே போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்து, தன் கையாலேயே பெயரும் எண்ணும் பதிந்து கொடுத்திருக்கிறார். கண்டவர்கள் கூப்பிட ஆரம்பித்ததும் செல்வராணியின் கணவர் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். நீ யாருக்கோ நம்பர் கொடுத்திருக்கிறாய் என்று தினமும் சண்டை.

“நான் போய் நின்னேன் சார். ‘நீதான்டி கெடுத்த’ன்னு வெரட்டி விட்டுட்டாரு.”

இப்போதே அறக்கட்டளைக்கு வருகிறீர்களா என்று கேட்டார். பெரியவர் அருள்தாஸ் இருப்பார், இரண்டு தெரு தள்ளித்தான். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், முதலில் பதிவில் எழுதிவிடுகிறேன், அடுத்து நேரில் வருகிறேன் என்றேன்.

“சரி” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கோயமுத்தூருக்கு பஸ் இருந்துகொண்டேதான் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

கருவிகள் எதுவும் இல்லை. நடந்ததை எழுதி ஏற்றினேன். கோகிலா படித்தாள். ஒரு தம்ளர் காபி கொண்டு வந்து மேசையில் வைத்தாள். ஒரு வாரத்தில் முதல்முறை.

நான் பயந்தது நடக்கவில்லை. “இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் துணிவு வரும்?” “பெரிய மனசு அண்ணா.” “உங்கள் மேல் மரியாதை கூடிவிட்டது.” பிப்ரவரியில் எச்சரிக்கை போட்டபோது வந்ததைவிட அதிகம். யாராவது திட்ட மாட்டார்களா என்று கீழே தள்ளித் தள்ளித் தேடினேன்.

மாதேஷ் மட்டும் கூப்பிட்டான். “நான் அந்தப் பொண்ண அத்தன பேரு முன்னால அசிங்கப்படுத்துனேனேங்ணா. நீங்க குழுவுல இருந்துட்டே அத வேடிக்க பாத்துட்டிருந்தீங்களா?” என்றான். ஆமாம் என்றேன். வைத்துவிட்டான். குழுவிலிருந்து என்னை நீக்கியும்விட்டான். அவன் செய்தது ஒன்றுதான் எனக்குச் சரியென்று பட்டது.

மார்ச் 17, திங்கள்

ஜெசிந்தாவிடமிருந்து ஒரு பின்னூட்டம்.

“‘திண்டுக்கல்லைச் சேர்ந்த ஒரு வாசகி’ என்று எழுதியிருக்கிறீர்கள். குழுவில் என்னைப் பெயர் சொல்லித்தான் திட்டினார்கள். என் பெயரை எழுதுங்கள்.”

அவர் நலனுக்காகத்தான் பெயரைத் தவிர்த்தேன் என்று நேற்று நம்பிக்கொண்டிருந்தேன். பெயரை எழுதினேன். ஜெசிந்தா சொன்னது உண்மை, நான் மறைத்தேன் என்று முதல் வரியாகவே போட்டேன். பிப்ரவரியிலிருந்து நிறுத்திவைத்திருந்த அவருடைய கேள்வியையும் வெளியிட்டேன். அதற்குப் பதில் என்னிடம் இல்லை என்று கீழே எழுதினேன்.

மார்ச் 23, ஞாயிறு

அறக்கட்டளை அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. அருள்தாஸ் ஐயா தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தம் கொடுக்கப் பெயர் பதிந்தவர்களைக் கூப்பிட்டிருந்தார். கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள், பெண்கள் இன்னும் குறைவு. ஜெசிந்தா சன்னலோரமாக நின்றுகொண்டார். நான் எழுந்து சொன்னேன். கோவைக் கூட்டத்தில் பேசியபோது வந்த தமிழ் இங்கே வரவில்லை. தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன்.

“எங்க நம்பரு திரும்பி வருமா?” என்று ஓர் அம்மாள் கேட்டார்.

வராதுங்க என்றேன். ஒருமுறை போனால் போனதுதான். எண்ணை மாற்றிக்கொள்ளலாம், எந்த அழைப்புகளை எடுக்காமல் விடலாம், எங்கே புகார் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இதெல்லாம் ஜெசிந்தா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. அப்போது யாரும் காதில் வாங்கவில்லை.

அருள்தாஸ் ஐயா ஜெசிந்தாவைப் பார்த்து, “நீ அன்னைக்கே சொன்ன தாயி. நான்தேன்…” என்று நிறுத்தினார். “திரும்ப வந்து அந்தத் தளத்த எடுத்துக் கட்டுறியா?”

“யோசிச்சுச் சொல்றேன் ஐயா.” அவர் குரலில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். “செல்வராணி அக்கா வரல. வீட்டுக்காரரு விட மாட்டாரு. அவரு நம்பர் தாரேன், பேசுவீங்களா?”

பேசுகிறேன் என்றேன். பஸ்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

காசிராஜன். மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். பின்னால் லாரிச் சத்தம் கேட்டது.

“யாரு?”

“கோயமுத்தூர்லருந்து பேசறனுங்க. பேரு குமரகுருபரன். உங்க வீட்டுக்காரம்மா நம்பருக்குக் கண்டவங்க போன் பண்ணுனாங்கல்லங்க, அதப்பத்தி…”

“நீ யார்றா அதக் கேக்க?”

“அவங்க யாருக்கும் நம்பர் குடுக்கலீங்க. ரத்தம் குடுக்கறதுக்குப் பேரு எழுதிக் குடுத்தாங்க. அது வெளிய போயிருச்சு. போனதுக்கு நானும் ஒரு காரணமுங்க. நல்லா இருக்குதுன்னு பொய்யா ஒண்ண எழுதுனேன். ஜெசிந்தாங்கற பொண்ணு அத நம்பிப் போட்டுச்சு. அந்தப் பொண்ணு மேலயும் தப்பில்ல. உங்க வீட்டம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

லாரியை விட்டுத் தள்ளி வந்தார் போல, சத்தம் குறைந்தது.

“ஒரு பொய்ய எழுதிப்புட்டு நீ பாட்டுக்கு அங்க இருந்துக்கிட்ட” என்றார். “நான் இங்க எம்பொண்டாட்டிய…”

யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இணைப்பு போய்விட்டது.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா, “இன்னும் நாலஞ்சு வீடு இருக்கு சார்” என்று அலுவலகக் கணினியைப் பார்த்து அடுத்த எண்ணைச் சொன்னார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினேன். ஒருவர் கேட்டுக்கொண்டார். ஒருவர் என் தாயை இழுத்துத் திட்டினார். ஒரு மாமியார், “அப்ப எம்மருமக மேல தப்பில்லைங்கிறியா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன்.

கிளம்பும்போது ஜெசிந்தாவிடம் போய்வருகிறேன் என்றேன். அவர் கணினியை அணைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 24, திங்கள்

அலுவலகம். பம்பு கம்பெனி சர்வரில் பேக்கப் ஒழுங்காக எடுக்கப்படுகிறதா என்று திறந்து பார்த்தேன். இத்தனை நாளாக ‘முடிந்தது’ என்று வரும் அஞ்சலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

சாயங்காலம் ஜெசிந்தா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். வணக்கம் இல்லை, சார் இல்லை.

“செல்வராணி அக்கா இன்னைக்கு அவங்க நம்பர்லருந்தே பேசுனாங்க.”